ஒரு பைட் தள்ளிப் போனதால்

எங்கள் துறையில் இறுதியாண்டு புராஜெக்ட் என்றால் வருஷா வருஷம் யாராவது ஒருவர் எடுத்தே தீருவது, மீனவர்களுக்கான எல்லை எச்சரிக்கைக் கருவி. ஒரு ஜிபிஎஸ், ஒரு மைக்ரோகன்ட்ரோலர், ஒரு பஸ்ஸர். வைவா அன்று மேஜை மேல் வைத்து 'பீப்' என்று கத்த வைத்து, மார்க் வாங்கிக்கொண்டு அலமாரியில் போட்டுவிடுவார்கள். நானும் அதையேதான் எடுத்தேன். ஒரே வித்தியாசம், என் தாய்மாமா பாம்பனில் வல்லம் வைத்திருக்கிறார். அவர் நிஜமாகவே அதைக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டார். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

மாமாவிடம் கையடக்க ஜிபிஎஸ் ஏற்கெனவே உண்டு. "அப்புறம் எதுக்கு மாமா இது?" என்று நானே கேட்டிருக்கிறேன். "வல இழுக்குறப்ப எவன்டா அந்தப் பொட்டியப் பாத்துக்கிட்டு நிப்பான்? கத்துற மாதிரி ஒண்ணு செஞ்சு குடு" என்றார். நியாயம்தானே. பாக் நீரிணையில் 1974 ஒப்பந்தம் ஆறு புள்ளிகளைச் சொல்கிறது. அவற்றை இணைத்தால் எல்லை. அந்தக் கோட்டுக்கு இரண்டு கடல் மைல் முன்னாலேயே கத்த வேண்டும். கணக்கு சுலபம். சிக்கல், ஜிபிஎஸ் சொல்வதைச் சரியாகக் காதில் வாங்குவதில் இருந்தது.

ஜிபிஎஸ் மாட்யூல்கள் வழக்கமாக என்எம்இஏ என்ற எழுத்து வடிவில் பேசும். காற்புள்ளி போட்டுப் பிரித்த வரிகள். படிக்க வசதி. ஆனால் என் சில்லு எஸ்டிஎம்32எஃப்030எஃப்4. 16 கேபி ஃபிளாஷ், 4 கேபி ராம், தசம எண்களைக் கையாளத் தனி வன்பொருள் கிடையாது. எழுத்தைத் தசமமாக்கி, தசமத்தைப் பெருக்கி... எதற்கு வம்பு என்று யு-பிளாக்ஸ் எம்8 மாட்யூலின் யுபிஎக்ஸ் என்ற பைனரி வடிவத்துக்கு மாறினேன்.

அதன் அமைப்பு அழகானது. முதலில் பி5, 62 என்று இரண்டு பைட். 'இதோ தொடங்குகிறேன்' என்று அர்த்தம். அடுத்து வகைக்கு ஒரு பைட், அடையாள எண்ணுக்கு ஒரு பைட், நீளத்துக்கு இரண்டு பைட். பிறகு சரக்கு. கடைசியில் சரிபார்ப்புக்கு இரண்டு பைட். எனக்கு வேண்டியது நேவ்-பிவிடி என்ற செய்தி. அதன் சரக்கு 92 பைட். 20ஆவது பைட்டில் இருப்பிடம் கிடைத்ததா இல்லையா என்ற தகவல், 24இல் தீர்க்கரேகை, 28இல் அட்சரேகை, 32இல் உயரம். டிகிரியை ஒரு கோடியால் பெருக்கி முழு எண்ணாகவே தருகிறார்கள். 9.28 டிகிரி என்றால் 92800000. கம்பியில் அது 00 04 88 05 என்று வரும், சின்ன பைட் முன்னால்.

சி படித்த எவனுக்கும் இங்கே ஒரு ஆசை வரும். எனக்கும் வந்தது. இந்த 92 பைட்டுக்கும் சரியாகப் பொருந்துகிற மாதிரி ஒரு ஸ்ட்ரக்ட் எழுதி, வந்து விழுந்த பைட்டுகளின் மேல் அந்த பாயின்ட்டரை அப்படியே ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. ஒரே வரி! சைஸ்ஆஃப் போட்டுப் பார்த்தேன், சரியாக 92. பதிவு செய்து வைத்திருந்த பைட்டுகளை லேப்டாப்பில் ஓட்டினேன், எல்லாம் கச்சிதம். நண்பனைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டேன்.

முதல் அடி உயரத்தில் விழுந்தது. ஹாஸ்டல் மொட்டை மாடியில் நிற்கிற கருவி, தான் 4,294 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதாகச் சொன்னது. சிரித்துவிட்டேன். குறியுள்ள எண்ணைக் குறியில்லாத எண்ணாக அறிவித்திருந்தேன், அவ்வளவுதான். திருத்தினால் கழித்தல் எண்பத்துச் சொச்சம் மீட்டர் என்று வந்தது. மொட்டை மாடி கடலுக்கு அடியிலா? இதில் மாட்யூலின் மேல் தப்பில்லை. அது சொல்வது, பூமிக்குக் கணிதம் போட்டு வைத்திருக்கிற நீள்வட்டப் பரப்பிலிருந்து உயரம். உண்மையான கடல் மட்டம் நம் பக்கம் அந்தப் பரப்புக்கு வெகு கீழே கிடக்கிறது. இலங்கைக்குத் தெற்கே அது 106 மீட்டர் வரை பள்ளம், உலகத்திலேயே ஆழமான பள்ளம் அதுதான். குறியைக் கோட்டைவிட்டதால் தெரிந்துகொண்ட விஷயம் இது. அட்சரேகையும் தீர்க்கரேகையும் நம் ஊரில் எப்போதும் நேர் எண்களே. உயரம் மட்டும் இல்லாவிட்டால் அந்தப் பிழை கடைசி வரை வெளியே தெரிந்திருக்காது.

கல்லூரி மைதானத்தில் மூன்று வாரம் சோதித்தேன். நன்றாக ஓடியது. மாமாவிடம் கொடுக்க ஊருக்குப் போன இரவு ஒரு புத்தி வந்தது. பஸ்ஸரை நிறுத்த ஒரு பட்டன் வைக்கலாமே. கடலில் காது கிழியக் கத்திக்கொண்டே இருந்தால் கழற்றி எறிந்துவிடுவார். ஒரே ஒரு பைட் கொடி, ஏற்கெனவே இருந்த ஸ்ட்ரக்ட்டில் சேர்த்தேன். வீட்டுக்குள் பட்டனை அமுக்கிப் பார்த்தேன், வேலை செய்தது. பச்சை விளக்கும் எரிந்தது. விடியும் முன் மாமா எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் திரும்பி வந்தவர் பொட்டியைத் திண்ணையில் வைத்தார். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "பச்ச எரிஞ்சுச்சுடா மருமவனே. எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அத நம்பி வலய விட்டேன். தற்செயலா எம் பொட்டியப் பாத்தா கோடு கண்ணுக்கு முன்னால நிக்கிது" என்றார். அந்தக் கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்று பாம்பனில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் அன்று சாப்பிடவில்லை.

இரண்டு நாள் தேடினேன். காரணம் இதுதான். என் ஸ்ட்ரக்ட்டில் முதலில் இரண்டு ஒற்றை பைட் மாறிகள், அதன் பின்னால் செய்தி வந்து சேரும் பஃபர். தலைப்பு ஆறு பைட். ஆக, சரக்கு எட்டாவது இடத்தில் தொடங்கியது. எட்டு நான்கால் வகுபடும். கார்டெக்ஸ்-எம்0 கருவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நான்கு பைட் எண்ணை நான்கால் வகுபடும் முகவரியிலிருந்து மட்டுமே ஒரே மூச்சில் எடுக்கும். இல்லாவிட்டால் ஹார்ட்ஃபால்ட் என்று படுத்துவிடும். லேப்டாப் சில்லு இதையெல்லாம் கண்டுகொள்ளாது, அதனால்தான் அங்கே எல்லாம் கச்சிதம். மூன்று வாரம் மைதானத்தில் ஓடியதும் குருட்டு அதிர்ஷ்டம்தான். நான் பஃபருக்கு முன்னால் சேர்த்த அந்த ஒரு பைட் சரக்கை ஒன்பதாவது இடத்துக்குத் தள்ளிவிட்டது.

அப்படியானால் வீட்டில் ஏன் படுக்கவில்லை? கூரைக்குள் சிக்னல் இல்லை. இருப்பிடம் கிடைத்ததா என்று பார்க்கும் 20ஆவது இடம் ஒற்றை பைட், அதை எங்கிருந்தும் எடுக்கலாம். கிடைத்தால்தான் தீர்க்கரேகையைத் தொடுவேன். திறந்த வானத்துக்கு வந்து முதல் இருப்பிடம் கிடைத்த அந்த நொடியே கருவி செத்துவிட்டது. பச்சை விளக்கையோ நான் மின்சாரம் வந்ததும் ஏற்றிவிட்டு, அதன் பிறகு தொடவே இல்லை. செத்த பிணத்தின் கையில் எரிகிற விளக்கு.

ஸ்ட்ரக்ட் ஒட்டும் வேலையைத் தூக்கி எறிந்தேன். இப்போது நான்கு பைட்டையும் ஒவ்வொன்றாக எடுத்து, 0, 8, 16, 24 பிட் நகர்த்திச் சேர்க்கிறேன். நகர்த்தும் முன் ஒவ்வொன்றையும் குறியில்லாத 32 பிட் எண்ணாக மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் சி அதைக் குறியுள்ள எண்ணாக எடுத்துக்கொண்டு நான்காவது பைட்டில் வேலையைக் காட்டும். இப்படி எழுதினால் எந்த முகவரியானாலும், எந்தச் சில்லானாலும் ஒரே விடை. நீளம் என்று வரும் இரண்டு பைட்டை நம்பி பஃபரில் கொட்டுவதையும் நிறுத்தினேன். அதில் 65535 வரை வரலாம், என் பஃபர் 128தான். ஒயரில் இரைச்சல் வந்து ஒரு பிட் புரண்டால் போதும், ராம் முழுக்க வெள்ளம். சரிபார்ப்பு பைட்டுகள் கடைசியில்தான் வரும், அதற்குள் எல்லாம் மூழ்கியிருக்கும்.

பிறகு விளக்கு. சரிபார்ப்பு தேறிய புதுச் செய்தி ஒன்று இருப்பிடத்தோடு வந்தால் மட்டும் பச்சை ஒரு கணம் எரிந்து அணையும். செய்தி நின்றால் சிவப்பும் பஸ்ஸரும். நிரலே படுத்துவிட்டால் வாட்ச்டாக் எழுப்பிவிடும், எழுந்ததும் முதலில் எரிவது சிவப்பு. இந்தத் தடவை வீட்டுக்குள் சோதிக்கவில்லை. கடற்கரையில் உட்கார்ந்து, பஃபருக்கு முன்னால் ஒரு பைட், இரண்டு பைட், மூன்று பைட் என்று வேண்டுமென்றே நுழைத்து நுழைத்து ஓட்டினேன்.

வைவாவில் இதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. 'பீப்' கேட்டார்கள், கேட்க வைத்தேன். அடுத்த விடுமுறையில் பயந்துகொண்டேதான் மறுபடியும் மாமாவிடம் கொடுத்தேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெட்டவெளியில் சிறிது நேரத்தில் பச்சை விளக்கு நொடிக்கு ஒரு தடவை மின்னத் தொடங்கியது.

"ஏன்டா இப்புடி கண்ணடிக்குது? பேட்டரி பத்தலையா?" என்றார்.