கெடு தேதிகளுக்கு நடுவே

19-9-2024, வியாழன்

கொச்சியில் பிறந்து, சென்ற வருஷம் நவம்பரில் சி.ஏ. தேறி, இவ்வருஷம் மார்ச்சில் எர்ன்ஸ்ட் அண்ட் யங் குழுமத்தின் புணே அலுவலகத்தில் சேர்ந்த அன்னா செபாஸ்டியன் பேராயில், நான்கே மாதங்களில், ஜூலை 20-ஆம் தேதி, தமது 26-ஆம் வயதில் காலமானார். ஓயாத வேலையே மகளின் உயிரைக் குடித்தது என்றும், அடக்கத்துக்கு அலுவலகத்திலிருந்து ஒருவரும் வரவில்லை என்றும் அவருடைய தாயார் அந்நிறுவனத்தின் தலைவருக்கு எழுதிய கடிதத்தைப் படித்தபின் வெகுநேரம் வேறொன்றிலும் மனம் செல்லவில்லை. பணிச்சுமை காரணமன்று என்று நிறுவனம் மறுத்திருக்கிறது. மரணத்தின் காரணத்தை நிர்ணயிக்க நான் வைத்தியனல்லன். ஆனால் அந்த அன்னை விவரிக்கும் வாழ்க்கையை நான் நெடுங்காலமாக அருகிலிருந்து காண்பவன். அதில் ஒரு வார்த்தையும் எனக்கு மிகையாகப் படவில்லை.

22-9-2024, ஞாயிறு

கீழே புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை இரைந்துகொண்டிருக்க, மாடியிலுள்ள எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் நாங்கள் வருமான வரித் தணிக்கை அறிக்கைகளோடு உட்கார்ந்திருந்தோம். கெடு 30-ஆம் தேதி. பாகூரிலிருந்து வரும் ஆர்ட்டிகிள் மாணவி ஒரு கட்சிக்காரரின் வங்கிக் கணக்கை டேலியிலுள்ள பேரேட்டோடு ஒத்துப் பார்க்கையில் ரூ. 1,180 இடித்தது. மானேஜர் ஃபைலை மேஜைமேல் வீசி, "உன்னையெல்லாம் யாரும்மா சி.ஏ. படிக்கச் சொன்னது?" என்று அத்தனை பேர் முன்னிலையிலும் கேட்டார். சிதறிய தாள்களை அவள் குனிந்து பொறுக்கி, வரிசைப்படுத்தி, வித்தியாசத்தையும் கண்டுபிடித்தாள்: வங்கி பிடித்த ஆயிரம் ரூபாய்க் கட்டணமும் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும். எட்டு மணிக்குத் தகப்பனாரின் போன் வந்தது. "கிளம்பிட்டேம்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்கைத் திறந்தாள்.

நான் உள்ளே சென்று, "சார், அந்தப் பெண்ணுக்குப் பஸ் போய்விடும், அனுப்பிவிடுங்கள்" என்றேன். "நாங்களெல்லாம் இப்படித்தான் தொழில் கற்றோம்" என்றார் ஆடிட்டர். தாம் பட்ட அவமானத்தைத் தமக்குப் பின் வருகிறவர்களுக்கு வித்தை என்று கொடுக்கும் இச்சம்பிரதாயத்தைவிடக் கொடியது இத்தொழிலில் வேறில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். ஆர்ட்டிகிள் பயிற்சிக்கு வாரம் 35 மணி நேரம் என்பதே சார்ட்டர்டு அக்கவுண்டண்ட் கழகத்தின் கணக்கு. அதை எங்கள் மேஜைகளில் யாரும் நினைப்பதில்லை. வேறு அலுவலகம் மாறுவதற்கோ, பயிற்சியளிக்கும் ஆடிட்டரே பாரத்தில் கையொப்பமிட வேண்டும். எவரிடமிருந்து தப்ப வேண்டுமோ அவரிடமே அனுமதி கேட்டு நிற்க வேண்டிய இந்த நிர்ப்பந்தந்தான் இருபது வயதுப் பிள்ளைகளின் வாயை அடைத்து வைத்திருக்கிறது.

25-9-2024, புதன்

அன்னா வேலை பார்த்த நிறுவனத்தின் புணே அலுவலகம் 2007 முதல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவே பெறாமல் இயங்கியதாக மகாராஷ்டிரத் தொழிலாளர் துறையினர் கண்டறிந்திருக்கிறார்களாம்.

மாலையில் பழைய மில்கள் நிற்கும் கடலூர் சாலை வழியே நடந்தேன். 1936 ஜூலை 30-ஆம் தேதி, பின்னாளில் சுதேசி மில் என்று பெயர்பெற்ற சவானா மில்லின் தொழிலாளர்கள்மீது பிரெஞ்சு அரசாங்கம் துப்பாக்கிப் பிரயோகம் செய்ய, பன்னிருவர் மாண்டார்கள்; வ. சுப்பையா முன்னின்று நடத்திய அப்போராட்டத்தின் பயனாக மறுவருஷமே எட்டு மணி நேர வேலை இவ்வூரில் சட்டமாயிற்று. மில்கள் மூடிக் கிடக்கின்றன. ஆண்டுதோறும் ஜூலை 30 அன்று அந்தத் தியாகிகளுக்கு மலர்வளையம் வைக்கிறோம். அதற்கு மறுநாளே வருமான வரிக் கணக்குத் தாக்கலின் கெடு, ஆகவே அதே இரவில் ஆடிட்டர் அலுவலகங்களில் விளக்கு அணைவதில்லை. நூற்பாலைத் தொழிலாளி தன்னைத் தொழிலாளி என்று அறிந்திருந்தான், ஆதலால் சங்கம் வைத்தான், கேட்டான், பெற்றான். நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறவர்களாகிய நாமோ நம்மை அந்த இனத்தில் சேர்த்துக்கொள்ளக் கூசுகிறோம். அந்தக் கூச்சத்தின் விலையை நம் தேகம் கொடுக்கிறது.

30-9-2024, திங்கள்

இணையத்தில் தாக்கல் செய்வதிலுள்ள சிரமங்களை முன்னிட்டு, தணிக்கை அறிக்கைக்கு அக்டோபர் 7 வரை அவகாசம் கொடுத்து நேரடி வரிகள் வாரியம் நேற்று உத்தரவிட்டது. எந்தக் கெடுவுக்காக அந்தப் பெண்ணின் முன்னே ஃபைல் வீசப்பட்டதோ, அது ஒரே சுற்றறிக்கையில் ஒரு வாரம் தள்ளிப்போயிற்று.

சார்ட்டர்டு அக்கவுண்டண்ட் கழகத்தாருக்கு என் விண்ணப்பம் ஒன்றே: ஆடிட்டரின் கையொப்பமின்றியே மாணவர் வேறிடம் மாறிக்கொள்ளும் உரிமையைக் கொடுங்கள்.