முற்றுகையின் விலை

அயல்நாடு ஒன்று நம்மோடு பகைமை பாராட்டும்போது, அதனோடு வாணிகத்தை நிறுத்த வேண்டும் என்ற குரலே முதலில் எழுகிறது. குருதி சிந்தாமல் எதிரியைப் பணியவைக்கும் வழி இதுவே என்று பலரும் எண்ணுகிறோம். சாரத்தில் வாழும் நாம் இதைப் பற்றிச் சற்று நிதானமாகச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம். ஏனெனில், நம் மண்ணே ஒரு காலத்தில் அத்தகைய தடைக்கு உள்ளாகியிருந்தது.

புதுவை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோது, 1941ஆம் ஆண்டுச் சுங்க உடன்பாட்டின் பயனாகச் சரக்குகள் எல்லையைப் பெரிதும் தடையின்றிக் கடந்தன. 1949இல் இந்திய அரசு அவ்வுடன்பாட்டை முடித்துக்கொண்டது. பிரெஞ்சுப் பகுதிகளும் இந்தியக் கிராமங்களும் பாய் பின்னினாற்போல் கலந்து கிடந்த நிலப்பரப்பில் சுங்கச் சாவடிகள் முளைத்தன. 1954இல் தடை மேலும் இறுகியது. உணவுக்கும் பிழைப்புக்கும் சுற்றுப்புறத்தையே நம்பியிருந்த எளியவர்தாம் முதலில் இன்னலுற்றனர். தங்கமும் கைக்கடிகாரமும் கடத்தியவர்களோ அதே எல்லைக்கோட்டால் செழித்தனர்.

ஆயினும், புதுவையில் போர் மூளவில்லை. 1954 மார்ச் 18 அன்று இணைப்பைக் கோரி உள்ளூர்த் தலைவர்களே தீர்மானம் நிறைவேற்றினர். மே மாதம் இந்தோசீனாவில், தியன் பியன் பூவில் பிரான்சு தோல்வியுற்றது. ஜூன் மாதம் பிரதமரான மெந்தேஸ் பிரான்ஸ் பேச்சுக்கு இசைந்தார். அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளுள் 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது.

இவ்வெற்றியைத் தந்தது தடைதானா? இதற்கு விடை காண நாம் கோவாவை நோக்க வேண்டும். 1955இல் அதே இந்திய அரசு கோவாவையும் முற்றுகையிட்டது. இரயில் தொடர்பு நின்றது. பம்பாயில் உழைத்த கோவா மக்கள் தம் வீட்டாருக்குப் பணம் அனுப்ப இயலாமல் தவித்தனர். எனினும் போர்ச்சுகல் அசையவில்லை. மர்மகோவாத் துறைமுகம் திறந்திருந்தது. இரும்புத்தாது ஜப்பானுக்குச் சென்றது. உருளைக்கிழங்கு நெதர்லாந்திலிருந்து வந்தது. சலாசார் பேச மறுத்தார். இறுதியில் 1961 டிசம்பரில் இராணுவமே உள்ளே நுழைந்தது. ஆறு ஆண்டுகள் மக்கள் பட்ட துன்பம் அந்தப் படையெடுப்பைத் தவிர்க்கவில்லை.

இன்னொரு தடையை நம் தமிழ் உறவுகள் நன்கு அறிவர். 1990ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணத்துக்கு மண்ணெண்ணெய், மின்கலம், உரம் முதலியவை செல்ல இலங்கை அரசு தடை விதித்தது. புட்டியில் திரியிட்ட சிறுவிளக்கின் ஒளியில் பிள்ளைகள் படித்தார்கள். போர் ஓய்ந்ததா? 2009 வரை அது தொடர்ந்தது.

இம்மூன்றையும் ஒருசேர எண்ணும்போது நமக்குத் தோன்றுவது இதுதான்: தடை தன்னளவில் எவரையும் பணியவைப்பதில்லை. எதிர்ப்பக்கம் பேசுவதற்கு ஓர் ஆள் இருந்து, பேச்சுக்கு வழியும் திறந்திருந்தால், அது அவரை விரைவுபடுத்தக்கூடும். அவ்வழி அடைபட்டிருக்கும்போது, தடை ஏழையின் அடுப்பை அணைப்பதோடு நின்றுவிடுகிறது. ஆள்வோரின் மேசைக்கு ரொட்டியும் மதுவும் எவ்வாறேனும் வந்து சேர்ந்துவிடும்.

2004இல் வெளிவந்த திருச்சபையின் சமூகப் போதனைத் தொகுப்பும் இதனையே வலியுறுத்துகிறது. தடைகள் ஒரு நாட்டு மக்கள் அனைவரையும் தண்டிக்கும் கருவி ஆகக்கூடாது; பேச்சுக்கு வழி திறப்பதே அவற்றின் நோக்கமாக வேண்டும்; அவற்றின் விளைவை அவ்வப்போது ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்று அது கற்பிக்கிறது.

ஆகவே, எந்த நாட்டின் மீதேனும் தடை விதிக்குமாறு கோருமுன் நாம் சில வினாக்களை எழுப்புவோம். இதனால் முதலில் பசித்திருப்பவர் யார்? பேச்சுக்கு வழி திறந்திருக்கிறதா? பயன் விளையாவிடில் இதை நீக்கும் நாள் எது? இவற்றுக்கு விடை கூறாத அரசு நம் ஆதரவைக் கேட்குமாயின், அதனைத் தர நாம் தயங்கத்தான் வேண்டும். பகைநாட்டின் அன்னையரும் அந்தியில் உலை வைக்கிறவர்களே.