சேலம் முதல் மோகனூர் வரை

வழி என்பது இரண்டு ஊர்களைச் சேர்க்கும் கோடு என்று பூகோளப் படம் கூறும். வண்டி ஓட்டிப் பிழைத்த நம் முன்னோர்க்கோ அது நிற்குமிடங்களின் கோவையாக விளங்கிற்று. எங்கே நிழல் உண்டு, எங்கே கிணறு உண்டு, எவ்விடத்தில் மாடுகளை அவிழ்த்து விடலாம் என்று தெரிந்தவனே வழியறிந்தவன் எனப்பட்டான். எண்பது பிராயம் கடந்த என் தந்தையாருடன், சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் காவிரிக் கரையிலுள்ள மோகனூர் வரை மோட்டாரில் சென்ற ஒரு நாளில் இதனை நான் கற்றுக்கொண்டேன்.

என் பாட்டனார் மோகனூரில் மாட்டு வண்டி வைத்திருந்தவர். ஆற்றுப் பாய்ச்சலில் விளைந்த வாழைத்தார்களை ஏற்றிக்கொண்டு சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குச் செல்வார். எழுபது கிலோமீட்டர் தொலைவுக்கு இரண்டு இரவுகள் செல்லும். நாமக்கல்லுக்கு இருப்புப்பாதை வந்தது 2013ஆம் ஆண்டிலேதான். அதுகாறும் இச்சமவெளியின் பண்டங்களும் மாந்தரும் சாலையையே நம்பியிருந்தனர். சிறுவராய் அவ்வண்டியில் பன்முறை சென்ற என் தந்தையார், "கண்ணில் சிறிது வெளிச்சம் இருக்கும்போதே அந்த இடங்களை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்" என்றார்.

விடியற்காலையில் சேலத்தை விட்டுப் புறப்பட்டோம். எங்களுக்குப் பின்னே சேர்வராயன் மலை நீலமாய் எழுந்து நின்றது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கொண்டு வேதாகமத்தைத் தமிழாக்கிய பெர்சிவல் ஐயர், 1882ஆம் ஆண்டில் அம்மலைமேல் ஏற்காட்டிலேதான் காலஞ்சென்றார். மேற்கே இரும்புத்தாது நிறைந்த கஞ்சமலை, தென்கிழக்கே ஜருகுமலை. மலைகள் காவல் நிற்க நடுவே விரிந்து கிடக்கும் இந்நாடு, 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையினால் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலக் கம்பெனியார் வசமாயிற்று. முதற் கலெக்டராக வந்த அலெக்ஸாண்டர் ரீடும், அவருக்குத் துணையாயிருந்த தாமஸ் மன்றோவும் வயல் வயலாக நிலமளந்து, ரயத்துவாரி முறைக்கு வித்திட்டது இச்சீமையிலேயாம்.

நாற்கரச் சாலையை அடைந்ததும் எங்கள் வண்டியோட்டி, "ஏனுங்க ஐயா, பாலத்து மேலேயே போனா ஒரு மணி நேரத்துல நாமக்கல் போயிரலாமுங்க. ஊருக்குள்ளே எதுக்குங்க?" என்றார். தந்தையார் நகைத்து, "தம்பி, எனக்கு மிச்சமிருக்கிற நேரமே கொஞ்சம். அதை மிச்சம் பிடித்து நான் எங்கே கொண்டுபோய் வைக்கப் போகிறேன்? ஊர் ஊராகவே போ" என்றார். அவரும் மறுசொல் கூறாது வண்டியைத் திருப்பினார்.

மல்லூர் கடந்து, ஆண்டகளூர் கேட்டில் கிழக்கே திரும்பி இராசிபுரம் சென்றோம். நெய்க்குப் பேர்போன ஊர் அது. ஆங்கிலத்தில் கதை எழுதி உலகப் புகழ் பெற்ற ஆர். கே. நாராயணின் பெயரிலுள்ள முதலெழுத்து இவ்வூரையே குறிக்கும். ஊரை நீங்கியதும் இடப்புறம் கொல்லிமலை தோன்றிற்று. வல்வில் ஓரி ஆண்டதாகச் சங்கச் சான்றோர் பாடிய மலை. இன்று எழுபது கொண்டையூசி வளைவுகளில் மோட்டார்கள் அதன்மேல் ஏறுகின்றன. தந்தையார் மலையைச் சிறிதே நோக்கினார். அவர் கண்கள் சாலையோரத்தையே துழாவிக்கொண்டிருந்தன. முற்காலத்தில் இருமருங்கும் கவிந்து நின்ற புளியமரங்கள் சாலையை அகலப்படுத்தியபோது பெரும்பாலும் வெட்டுண்டமையால், அவர்க்கு இடம் பிடிபடவில்லை.

புதுச்சத்திரத்துக்கு அப்பால், கைவிடப்பட்ட பழஞ்சாலைத் துண்டு ஒன்றின் அருகே "நிறுத்து" என்றார். எருக்கஞ்செடிகளின் நடுவே ஒரு சுமைதாங்கி, பாதி மண்ணிற் புதைந்து நின்றது. நட்ட இரு கற்களின்மேல் கிடத்திய ஒரு கல். தலைச்சுமையுடன் வருவோர் பிறர் உதவியின்றி இறக்கி வைத்து இளைப்பாறுதற்கு ஏற்ற உயரம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்களின் நினைவாக இத்தகைய கற்களை நாட்டுதல் நம் நாட்டு வழக்கம். இறக்க முடியாச் சுமையோடு சென்றவள் பெயரால் பிறர் சுமை இறங்கட்டும் என்பது அதன் கருத்து.

தந்தையார் கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, அக்கல்லின்மேல் இரு கைகளையும் வைத்தார். "உன் பாட்டனார் இங்கே வந்தால் சாட்டையைக் கீழே வைத்துவிட்டு இறங்குவார். தாரிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழம் எடுத்து இதன்மேல் வைப்பார். ஏனென்று அப்போது நான் கேட்டதில்லை. அவர் தமக்கை தலைப்பிரசவத்தில் இறந்தார் என்பது பின்னரே எனக்குத் தெரியும்" என்றார். இந்தக் கல் அப்பெண்மணிக்காக நட்டதன்று. யாருக்காக நட்டதென்று சொல்வாரும் இல்லை. ஆயினும் என் பாட்டனார்க்கு அது போதுமானதாயிருந்தது.

நாமக்கல்லை அணுகுமுன்னரே அதன் பாறை வெளிப்பட்டது. ஏறத்தாழ 65 மீட்டர் உயரமுள்ள ஒற்றைக் கல், முடியில் கோட்டை. எட்டாம் நூற்றாண்டில் அதியர் குலத்தார் குடைவித்த நரசிங்கப் பெருமாள் கோயிலும் அரங்கநாதர் கோயிலும் அதன் இருபுறமும் உள்ளன. நாமகிரித் தாயாரின் சந்நிதியும் இங்கேயே. கணித மேதை இராமானுஜனுக்குக் குலதெய்வம் அத்தாயார். 1914ஆம் ஆண்டில் அவர் கடல் கடந்து செல்ல அன்னையார் இசைந்ததும் அத்தாயாரைக் கனவிற் கண்ட பின்னரே என்பர். முன்பு எங்கள் மாடுகள் நீர் குடித்த ஊரில் இன்று லாரிகளுக்குக் கூடு கட்டும் பட்டறைகள் ஒலிக்கின்றன. வண்டிக்காரர் பேரன்மார் லாரிக்காரராயினர். தொழில் மாறவில்லை என்று தந்தையார் மகிழ்ந்தார்.

மாலையில் கரும்பும் வாழையும் சூழ்ந்த மோகனூரை அடைந்து, காவிரி மணலில் அமர்ந்தோம். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை 1888ஆம் ஆண்டில் பிறந்த ஊர் இது. 1930ஆம் ஆண்டு இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பெடுக்கச் சென்ற தொண்டர்கள் அவர் பாட்டைப் பாடியே நடந்தனர். அதுவும் ஊர் ஊராகத் தங்கிச் சென்ற நடைதான். தங்கிய இடமெல்லாம் மக்கள் சோறிட்டமையாலன்றோ அது கடற்கரை வரை சென்றது!

மாணவ நண்பர்காள்! விரைவுச் சாலையை நான் பழிப்பேனல்லேன். நோவெடுத்த பெண்ணொருத்தி இன்று காலத்தில் மருத்துவமனை சேர்கின்றாளெனில் அதற்கு அச்சாலையும் ஒரு காரணம். சுமைதாங்கிக்குரிய பெண்கள் அப்பேறு பெற்றாரல்லர். நான் வேண்டுவது ஒன்றே. விடுமுறையில் வீடு செல்லும்போது, உங்கள் வீட்டு முதியோர் ஒருவரை உடன்கொண்டு பழைய சாலையில் ஒருமுறை செல்லுங்கள். அவர் சொல்லும் இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்குங்கள். புதைந்த கல்லை இன்னதென்று காட்ட வல்லவர் நம்முடன் நெடுநாள் இரார்.