முத்து விளைந்த கரையிலே

உண்ணவும் உடுக்கவும் குறையில்லாத செல்வர் ஒருவருக்கு எதனைப் பரிசாக அளித்தால் அவர் முகம் மலரும்? கிடைத்தற்கரிய பொருளையே அளித்தல் வேண்டும். இவ்வினாவுக்கு உலகம் பன்னூறாண்டுகளாகக் கண்ட விடைகளுள் தலையாயது முத்து. எகிப்திய அரசி கிளியோப்பாத்திரா, ஒரே விருந்திற் பெருஞ் செல்வத்தைச் செலவிட்டுக் காட்டுவேன் எனச் சூளுரைத்து, தன் காதணி முத்தைக் காடியிற் கரைத்துப் பருகினாள் என்று உரோம அறிஞர் பிளினி எழுதியுள்ளார். முத்து மிகுதியாக விளையும் இடமாக அவர் குறிப்பிடுவது நம் இலங்கைத் தீவையே.

அம்முத்து விளைந்த கரையைக் காணும் ஆவலுடன், சென்ற விடுமுறையில் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு மன்னார்ப் பகுதிக்குச் சென்றோம். பாலாவியில் நீராடித் திருக்கேதீச்சரப் பெருமானை வழிபட்டபின், வங்காலை வழியாகத் தெற்கு நோக்கிப் புறப்பட்டோம். அருவியாற்றைக் கடந்தால் அரிப்பு. கண்டி அரசிற் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறையிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1679ஆம் ஆண்டில் இவ்வாற்றின் வழியே தப்பி வந்து அடைக்கலம் புகுந்தது இவ்வூரிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையிலேதான்.

கோட்டைக்குத் தெற்கே, கடலோர மேட்டில், இடிந்த மாளிகை ஒன்று நிற்கின்றது. ஆங்கிலேயரின் முதலாவது தேசாதிபதி பிறெடெரிக் நோர்த், முத்துக் குளிப்பை மேற்பார்வை செய்வதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கட்டுவித்த மாளிகை இது. கிரேக்க முறைத் தூண்களுடன் அமைந்தமையால் ஆங்கிலேயர் இதனைத் தோரிக் மாளிகை என்றனர். ஊரவரோ, முத்துக் கடலை ஆண்டதாகக் கதைகளிற் பேசப்படும் அல்லிராணியின் பெயரை இதற்குச் சூட்டிவிட்டனர். அல்லிராணி கோட்டை எங்கே என்று கேட்டால் சிறுவரும் வழிகாட்டுவர். தேசாதிபதியின் பெயரைச் சொன்னால் அறிவார் இல்லை. கடல் கரையை அரித்து வருவதால், அம்மாளிகையின் கடற்புறச் சுவர்கள் சரிந்து வீழ்ந்து கிடக்கின்றன.

மேட்டிலே நின்று மேற்கே நோக்கினால் நீலக் கடலன்றி வேறொன்றும் புலப்படாது. ஆயினும் அந்நீருக்கு அடியிலேதான் முத்துச்சிப்பிகள் செறிந்து வாழ்ந்த 'பார்கள்' உள்ளன. சுவாதி நாளில் வீழும் மழைத்துளியே முத்தாகின்றது என்பது நம் முன்னோர் கொள்கை. சிப்பியின் உடலுட் புகுந்த ஒட்டுண்ணி முதலியவற்றைச் சூழ்ந்து, ஓட்டின் உட்புறத்துக்கு மெருகூட்டும் அதே பொருள் படலம் படலமாகப் படிவதனால் முத்து உண்டாகின்றது என்பது விஞ்ஞானம் கூறும் விளக்கம். நம் கழுத்தணியாவது ஒரு சிற்றுயிரின் நோய் என்று மாணவர்க்குச் சொன்னோம்.

முத்துக் குளிப்புக் காலத்தில், வெறும் மணலாகக் கிடந்த இக்கரையிற் சில கிழமைகளுக்குள் ஓர் ஓலை நகரமே எழுந்துவிடும். கீழக்கரை முஸ்லிம்களும், தூத்துக்குடிப் பரதவரும், பாரசீக வளைகுடா அராபியரும், நாட்டுக்கோட்டைச் செட்டிமாரும் வந்து கூடுவர். காலிற் கல் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு குளிப்பவன் ஆழத்தில் இறங்குவான். ஏறக்குறைய ஒரு நிமிட நேரம் மூச்சடக்கிச் சிப்பிகளை வாரிக் கூடையில் இடுவான். கயிற்றை அவன் அசைத்ததும் மேலே நிற்பவன் இழுத்தெடுப்பான். சுறாவின் வாயை மந்திரத்தாற் கட்டுவதாகச் சொல்லப்பட்ட 'கடற்கட்டி' இன்றி ஒருவரும் கடலில் இறங்கத் துணியார்.

மாலையிற் சிப்பிகள் எண்ணப்படும். மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அரசாங்கப் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் விற்கப்படும். உள்ளே முத்துண்டோ இல்லையோ எவரும் அறியார். வாங்கியவர் சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டு, ஈக்கள் மொய்க்கும் அக்குவியலைக் கழுவித்தான் முத்தெடுக்க வேண்டும். அரசியின் காதில் ஒளிவிடும் முத்துக்கு அந்நாற்றமும் ஒரு தாய்வீடு!

1905ஆம் ஆண்டிலே எட்டுக் கோடி சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்துக்கு ஏறக்குறைய 25 இலட்சம் ரூபா கிடைத்தது. அவ்வெற்றியைக் கண்டு மயங்கிய ஆங்கிலக் கொம்பனி ஒன்று 1906இல் 20 ஆண்டுக் குத்தகைக்குப் பார்களை எடுத்தது. ஆனால் 1907க்குப் பின் அத்தகைய விளைவு இல்லை. கொம்பனியும் கலைந்தது.

எட்டாக் கையில் இருந்த பொருளின் மதிப்பு எவ்வாறு ஏறி இறங்கிற்று என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்றுண்டு. 1917ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்துச் செல்வர் ஒருவர், தம் மனைவி விரும்பிய இரட்டைச் சர முத்துமாலைக்காக, ஐந்தாம் அவெனியூவில் இருந்த தம் மாளிகையைக் கார்ட்டியே நகைக்கடையாருக்குக் கொடுத்துவிட்டார். மாலையின் மதிப்பு பத்து இலட்சம் டொலர். அதனுடன் நகைக்கடையார் நூறு டொலர் பணமுங் கொடுத்தனர். யப்பானிலோ, மிக்கிமோட்டோ என்பார் 1893இலேயே சிப்பியைக் கொண்டு முத்து வளர்க்கும் வழியிற் வெற்றி கண்டிருந்தார். வளர்ப்பு முத்துக்கள் சந்தையை நிறைத்தபோது இயற்கை முத்தின் விலை சரிந்தது. 1957இல் அம்மாலை ஏலத்தில் 1,51,000 டொலருக்கே போயிற்று. மாளிகையோ இன்றும் கார்ட்டியே கடையாக நிற்கின்றது.

இக்கதையைக் கேட்ட மாணவன் ஒருவன், "ஐயா, முத்துக் குளித்தவனுடைய மனைவி முத்தணிந்தாளா?" என்று வினவினான். குளித்தவர்கள் தம் பங்குச் சிப்பிகளைப் பெரும்பாலும் திறவாமலே அன்று மாலை கரையில் விற்றுவிடுவர். அரிசியும் புடைவையும் வீட்டுக்குச் செல்லும். தன் கையால் எடுத்த சிப்பியுள் என்ன இருந்தது என்பதை அவன் பெரும்பாலும் அறிந்திரான். இதனையே அவனுக்கு விடையாகச் சொன்னோம்.

இன்று அரிப்பிலும் சிலாவத்துறையிலும் முத்துக் குளிப்பாரில்லை. 1990இல் வெளியேற்றப்பட்டுப் பல்லாண்டு அகதிகளாய் வாழ்ந்து, போர் ஓய்ந்தபின் மீண்டு வந்த முஸ்லிம் மக்களும், அவர்தம் அயலவரான கத்தோலிக்கரும் மீன்பிடித்து வாழ்கின்றனர். நாம் சென்றபோது சிலர் மணலில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தனர். நன்கொடைக்கும் சீர்வரிசைக்கும் விலையுயர்ந்த பொருளைத் தேடும் நம்மவர் ஒருமுறை இக்கரைக்கு வருதல் நன்று. வாங்குவதை விட்டுவிடுக என நாம் கூறவில்லை. அப்பொருளுக்காக ஆழத்தில் மூச்சடக்கியவன் யாரென ஒரு கணம் எண்ணிப் பார்த்தபின் வாங்குக என்பதே நம் வேண்டுகோள்.