படகில் இரண்டு பேட்டரிகள்



வலங்கைமானில் வயலும் வாய்க்காலுமாக வாழும் நமக்குப் படகின் மின்கம்பிகளைப் பற்றி என்ன தெரியும்? சென்ற ஆண்டு, நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குத் தம் டீசல் படகில் நம்மையும் பிள்ளைகளையும் அழைத்துச் சென்றார். நங்கூரமிட்டு மஃரிப் தொழுதோம். வெகுநேரம் எரிந்த விளக்குகள் மங்கின; கைப்பேசிகளும் சார்ஜில் இருந்தன. அவரைக் கேளாமலே ஸ்விட்ச்சை '1' என்பதிலிருந்து 'இரண்டும்' என்பதற்குத் திருப்பினோம்.

புறப்படுகையில் ஸ்டார்ட்டர் 'டக்' என்றதோடு சரி.

முதல் பேட்டரி விளக்குகளுக்கு. இரண்டாவது இயந்திரத்தைக் கிளப்ப மட்டும். இயந்திரம் ஓடும்போது ஆல்டர்னேட்டர் இரண்டையும் நிரப்பும். நின்றபின் அவை பிரிந்தே இருக்கவேண்டும். நாம் இணைத்ததால், வற்றிய முதலாவது நிறைந்திருந்த இரண்டாவதையும் உறிஞ்சிவிட்டது.

"ஓடும்போது பூஜ்ஜியத்துக்கு மட்டும் திருப்பிவிடாதீர்கள், ஹஜ்ரத். மின்சாரம் போக இடமின்றி ஆல்டர்னேட்டரின் டையோடுகள் கருகிவிடும்" என்றார். குரலில் கோபமே இல்லை; அதுதான் நமக்குச் சுட்டது.

ஆழமற்ற நீர் என்பதால் கழி ஊன்றியே கரைசேர்ந்தோம். அதற்குள் இஷா நேரம் வந்து வெகுநேரமாகியிருந்தது. சிறிய பையன் ஒருவன் வழியெல்லாம் அழுதான். அவன் அத்தாவிடம் நடந்ததை நாமே சொன்னோம்.

அமானிதம் பற்றி மறுநாள் நடத்தவிருந்த பாடத்தை ஒரு வாரம் தள்ளிவைத்தோம். மாணவர் இரண்டாவது பேட்டரிக்குத் தனி ஸ்விட்ச் பொருத்தினார். அவர் மறுத்தும், செலவை நாமே கொடுத்தோம்.