மஞ்சள் நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்னால்



"ஐ.பி. போட்டுட்டானாம்" என்பதை நம்ம பக்கம் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அந்த வெட்கத்தால் நல்ல வக்கீலைத் தேடாமல் புரோக்கரிடம் போய் மாட்டுகிறார்கள்.

என்னிடம் ஐந்தாவது படித்த பையன் ஒருவன் (பையன் என்ன, வயது நாற்பத்தைந்து) போன மாதம் வந்தான். சோமனூர்ப் பக்கம் எட்டுத் தறி, கூலி நெசவு. பாவு வராத மாதங்களில் வட்டிக்கு வாங்கி, அந்த வட்டி கட்ட இன்னொரு இடத்தில் வாங்கி, இப்போது கழுத்துவரை கடன். "நாற்பதாயிரம் கொடுத்தா ஐ.பி. வாங்கித் தர்றேன், அதுக்கு முந்தி வீட்டைச் சம்சாரம் பேருக்கு எழுதிடுங்க"ன்னு ஒருத்தர் சொன்னாராம். "ஏனுங்க டீச்சர், செய்யலாங்களா?" என்றான்.

எனக்குச் சட்டம் தெரியாது. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற என் சித்தப்பா மகனிடம் கேட்டேன். வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அதனால் போர்டைப் பார்த்துத் தேட முடியாது, ஐ.பி. மனு நடத்திய சிவில் வக்கீலா என்று விசாரித்துத்தான் போகணும் என்றான். அவன் சொன்னவரிடம் இரண்டு பேரும் போனோம்.

வக்கீல் முதலில் சொன்னது, நோட்டீஸ் அனுப்பினால் மட்டும் கடன் தீராது என்பது. 2016 திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டுமே 2019-இல் அமலுக்கு வந்தது. தறிக்காரருக்கு இன்னும் 1920-ஆம் வருஷச் சட்டம்தான். மனு போட்டு, கடன்காரர் அத்தனை பேரையும் சொத்து முழுவதையும் கோர்ட்டில் காட்டணும். மனுவுக்கு முந்திய இரண்டு வருஷத்துக்குள் வீட்டைச் சும்மா மனைவி பேருக்கு எழுதியிருந்தால் அதை ரத்து செய்யலாம். அடமானம் வாங்கிய பேங்கின் உரிமையும் போகாது.

ஃபீஸ் பற்றி நான்தான் கேட்டேன், அவனுக்குக் கூச்சம். வக்கீல் ஃபீஸ் தனி, கோர்ட் செலவு தனி, பத்திரிகை அறிவிப்புக்குத் தனி என்று பிரித்து எழுதித் தந்தார். மூன்று தவணை, ஒவ்வொன்றுக்கும் ரசீது. "ஜெயித்தால் இவ்வளவு பர்சென்ட்" என்று எந்த வக்கீலும் பேசக் கூடாதாம், விதியிலேயே இருக்கிறது. பணமே இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு கிடையாது. 15100-க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

கடைசியாக, "ஜாமீன் யாராச்சும் போட்டிருக்காங்களா?" என்றார். அவன் பேசவில்லை. தாய்மாமன் இரண்டு கடனுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், மின்வாரியப் பென்ஷன்காரர். இவனைக் கோர்ட் விடுவித்தாலும் ஜாமீன்தாரர் விடுபட மாட்டார். புரோக்கர் இதைச் சொல்லவே இல்லை.

"மாமன்கிட்ட சொல்லாம மனு போடாதே கண்ணு" என்றேன். ஞாயிற்றுக்கிழமை அன்னூருக்குப் போய்ச் சொல்லியிருக்கிறான். மாமன் திட்டவில்லையாம். "அந்த வக்கீலை நானும் பார்க்கறேன்டா" என்றாராம்.