பூஜ்யத்தின் நடு

கொடைரோட்டில் அப்பத்தா வளர்க்கும் கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு தருவது ஒரு 100 வாட் குண்டு பல்பு. குஞ்சுகள் வளர வளரச் சூட்டைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். அதற்குத்தான் மைக்ரோகண்ட்ரோலர் வைத்து டிம்மர் செய்ய உட்கார்ந்தேன்.

வீட்டுக் கரண்ட் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைக் கடக்கிறது. ஒரு கடப்புக்கும் அடுத்ததற்கும் 10 மில்லிசெகண்ட். பல்புக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்தான் ட்ரையாக்; அதைத் தூண்டிவிட்டால் அடுத்த பூஜ்யம் வரை அது அணையாது. பூஜ்யத்திலிருந்து 5 மில்லிசெகண்ட் கழித்துத் தூண்டினால் ஏறக்குறையப் பாதிச் சக்தி; இன்னும் தாமதித்தால் இன்னும் மங்கல்.

10 மில்லிசெகண்ட் என்று தெரிந்துவிட்டதே, கண்ட்ரோலர் தானே எண்ணிக்கொள்ளட்டுமே என்று தோன்றும். அது நடக்காது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் தென்னக மின்தொகுப்பை மற்றத் தொகுப்புகளோடு இணைத்தது. அன்றிலிருந்து காஷ்மீரத்துக்கும் கொடைரோட்டுக்கும் ஒரே துடிப்பு. எங்கோ ஓர் அனல்நிலையம் நின்றால்கூட அந்தத் துடிப்பு சற்றே தளரும். அனுமதித்த வரம்பு 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ். 49.90-இல் ஒவ்வோர் அரைச்சுற்றும் 0.02 மில்லிசெகண்ட் நீளும். சொந்தக் கடிகாரத்தை நம்பிய டிம்மர் ஐந்தே நொடியில் ஓர் அரைச்சுற்று வழுக்கிவிடும்; பல்பு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். லைனைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

கேட்பதற்கு ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையர், பிசி 817 ஆப்டோகப்ளர், அரை வாட் ரெசிஸ்டர் இரண்டு. உச்சம் 325 வோல்ட் என்பதால் அந்தச் சுமையை ஒன்றின்மேல் மட்டும் ஏற்றக்கூடாது. லைனையும் கண்ட்ரோலரையும் ஒளியால் மட்டும் இணைக்கும் ஆப்டோகப்ளர் இல்லாமல் கண்ட்ரோலரை நேரே லைனில் கட்டுவதை நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன். உயிர் சம்பந்தப்பட்ட இடம் அது.

ஆப்டோகப்ளருக்குள் இருக்கும் எல்இடி பூஜ்யம் வருமுன்பே அணைந்து, பூஜ்யம் தாண்டிய பிறகே எரியும். அது அணைந்திருக்கும் நேரம்தான் வெளியே பல்ஸாக வருகிறது. ஆக, அந்தப் பல்ஸின் தொடக்கம் பூஜ்யம் அல்ல. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் மோட்டார்கள் ஓடும்போது வோல்டேஜ் இறங்கும். அலையின் சரிவும் மெலியும், பல்ஸ் அகலமாகும். தொடக்க விளிம்பைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டால் தூண்டும் நேரம் முன்னே நகர்ந்துவிடும். அகலம் எவ்வளவு மாறினாலும் பல்ஸின் நடு மட்டும் இடம் மாறுவதில்லை. இரண்டு விளிம்பையும் குறித்து, முடிவிலிருந்து அகலத்தில் பாதியைக் கழித்தால் உண்மையான பூஜ்யம் கிடைக்கிறது. இந்தக் கணக்கு பிடிபட்ட அன்றைக்கு எனக்கு உண்டான சந்தோஷம் சாதாரணமானதல்ல.

மோட்டார் ஸ்டார்ட் ஆகும் கணத்தில் லைனில் பொய்த்துடிப்புகளும் வரும். ஒரு பூஜ்யத்தை ஏற்றபின் 8 மில்லிசெகண்ட் வரை வரும் எந்த விளிம்பையும் கண்ட்ரோலர் இப்போது கணக்கில் எடுப்பதில்லை.